எரித்த எலும்பும் எரியாத புத்தகமும்

(உயர்தரம், கலைப்பிரிவு)

எங்கள் உம்மம்மாவிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் இருந்த படம் அழிந்து, ஓரமெல்லாம் துருப்பிடித்துவிட்டது. உள்ளே சின்னச் சின்னத் துணி முடிச்சுகளில் கறுவா, கராம்பு, வசம்பு, திப்பிலி, ஓமம், சாதிக்காய். வீட்டில் யாருக்காவது இருமலோ வயிற்றுவலியோ வந்தால் பார்மசிக்குப் போவதற்கு முன்னர் அந்த டின்தான் திறக்கப்படும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் தங்கள் ஊர்களை விட்டு வெளியேறும்படி பணிக்கப்பட்டபோது, முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலிருந்து உம்மம்மா எடுத்துச் சென்றவற்றுள் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அப்போது என் உம்மாவுக்கு மூன்று வயது, கடும் இருமல். நகையையோ காணி உறுதியையோ நினைக்க நேரம் இருக்கவில்லை, பிள்ளையின் இருமலுக்கு மருந்து வேண்டும் என்றுதான் டின்னைத் தூக்கினேன் என்று சொல்வார். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

சென்ற தவணையில் எங்கள் வரலாற்று டீச்சர், போர்த்துக்கேயர் காலத்தில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதி வரும்படி சொன்னார். தோழிகள் சங்கிலியனையும் மாயாதுன்னையையும் தர்மபாலனையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த டின் ஞாபகம் வந்தது. கறுவாவில்தானே பறங்கியருக்கு அவ்வளவு ஆசை. அந்தக் கறுவாவைப் பற்றி அவர்களுள் விபரமாக எழுதி வைத்தவர் யார் என்று தேடினேன். கிடைத்த பெயர் கார்சியா த ஓர்தா. கோவாவில் வாழ்ந்த மருத்துவர். மருந்துச் செடிகளைப் பற்றி நாலு பக்கம் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் அவருடைய கதை அவருடைய மரணத்தோடு முடியவில்லை. இறந்து 12 வருடங்கள் கழித்து அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து ஒரு மன்றம் தண்டித்தது என்று வாசித்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவருடைய தாய் தந்தையரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் ஸ்பெயின் நாட்டு யூதர்கள். 1492 ஆம் ஆண்டு நம் இஸ்லாமிய வரலாற்றுப் பாடத்திலும் வருகிறது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது. மூன்று மாதம் கூடச் செல்லவில்லை; மார்ச் 31 இல் அரசர் பெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும் ஒரு கட்டளை போட்டார்கள். ஞானஸ்நானம் பெறாத யூதர் எவரும் ஜூலை முடிவுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பொன்னும் வெள்ளியும் கொண்டு போகக் கூடாது. பல தலைமுறைகள் வாழ்ந்த வீடுகளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். பலர் உதுமானியப் பேரரசுக்குப் போனார்கள். சுல்தான் இரண்டாம் பாயஸீத் அவர்களை ஏற்றுக்கொண்டார். கார்சியாவின் பெற்றோர் பக்கத்து நாடான போர்த்துக்கலுக்குப் போனார்கள். எல்லையைக் கடந்தால் போதும், ஆபத்து நீங்கிவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

நீங்கவில்லை. 1497 இல் போர்த்துக்கல் அரசர் மனுவேல் நாட்டிலிருந்த யூதர்களைப் பலவந்தமாக ஞானஸ்நானம் பெறச் செய்தார். அன்று முதல் அவர்களுக்குப் புதிய கிறிஸ்தவர்கள் என்று பெயர். பேரைப் பார்த்தால் கிறிஸ்தவர். ஊராரின் பார்வையில் யூதர். 1506 இல் லிஸ்பன் நகரத்தில் கலவரம் மூண்டு ஆயிரக்கணக்கான புதிய கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். மதம் மாறியும் உயிர் தப்ப முடியவில்லை.

இந்தச் சூழலில்தான் கார்சியா பிறந்தார். ஏறத்தாழ 1501 ஆம் ஆண்டு. ஊர், ஸ்பெயின் எல்லைக்கு அருகிலுள்ள காஸ்தெலோ டி விடே. தந்தை வியாபாரி. மகனை ஸ்பெயினுக்கே திருப்பி அனுப்பிப் படிக்க வைத்தார். பெற்றோரைத் துரத்திய நாட்டின் சலமங்கா, அல்கலா பல்கலைக்கழகங்களில் கார்சியா மருத்துவம் கற்றார். ஊர் திரும்பி வைத்தியம் பார்த்தார். பின்னர் லிஸ்பன் சென்றார். அரசரின் மருத்துவர்களுள் ஒருவரானார். 1530 இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரும் ஆனார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவருக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் 1534 மார்ச் மாதம் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். மார்ட்டிம் அபோன்சோ டி சூசா என்ற கடற்படைத் தளபதியின் மருத்துவராக இந்தியாவுக்குப் புறப்பட்டார். அரச பதவியும் பல்கலைக்கழகப் பதவியும் உள்ள ஒருவர், அந்தக் காலத்தில் பாதிப் பேர் வழியிலேயே மாண்டுபோகக்கூடிய கடற்பயணத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? அடுத்து நடந்ததைப் பார்த்தால் விளங்கும். 1536 இல், அவர் புறப்பட்டு இரண்டே வருடங்களில், போர்த்துக்கலிலும் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது.

அந்த மன்றம் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைக்கு மாறாக நம்புகிறவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதற்காக அமைக்கப்பட்ட நீதிமன்றம் அது. ஸ்பெயினில் 1478 இல் பாப்பரசரின் அனுமதியோடு தொடங்கியது. பிற மதத்தவரைவிட, ஞானஸ்நானம் பெற்றவர்களே அதன் பிடிக்குள் முதலில் வந்தார்கள். அதாவது, முதலில் பலவந்தமாக ஞானஸ்நானம் கொடுப்பது. பிறகு, நீ உண்மையான கிறிஸ்தவன்தானா என்று விசாரிப்பது.

களவோ கொலையோ நடந்தால் தடயம் இருக்கும். மனதுக்குள் இருக்கும் நம்பிக்கைக்குத் தடயம் ஏது? அதனால் மன்றம் வீட்டுக்குள் தேடியது. எதையெல்லாம் கண்டால் அறிவிக்க வேண்டும் என்று கோவில்களில் பட்டியல் வாசிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டைத் துப்புரவாக்கி விளக்கேற்றுகிறார்களா? சனிக்கிழமை சுத்தமான உடை உடுக்கிறார்களா? பன்றி இறைச்சியைத் தட்டில் ஒதுக்குகிறார்களா? குறிப்பிட்ட நாட்களில் உண்ணாமல் இருக்கிறார்களா? ஸ்பெயினில் மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களைப் பொறுத்தவரை பட்டியல் இன்னும் நீண்டது. 1567 இல் அரசர் இரண்டாம் பிலிப்பின் சட்டம் அரபு மொழியையும், குளிப்பறைகளையும், கையில் மருதோன்றி இடுவதையும் கூடத் தடைசெய்தது. சகோதரிகளே, பெருநாளைக்கு முதல் நாள் இரவு நாம் ஒருவருக்கொருவர் மருதோன்றி போட்டுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிவந்த கையே சாட்சியாக எழுதப்படும் ஒரு காலம் இருந்தது. கடைசியில் 1609 முதல் 1614 வரை சுமார் 3 இலட்சம் பேர் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

கைது செய்யப்பட்டவருக்குத் தன்மீது குற்றம் சொன்னவர் யார் என்று தெரிவிக்கப்பட மாட்டாது. அயலவராக இருக்கலாம், வேலைக்காரியாக இருக்கலாம், கூடப் பிறந்தவராகவும் இருக்கலாம். சித்திரவதை விசாரணையின் ஒரு முறையாகவே அனுமதிக்கப்பட்டிருந்தது. சொத்துப் பறிமுதலாகும். தீர்ப்புகள் மக்கள் கூடும் இடத்தில் பெரும் சடங்காக வாசிக்கப்படும். மரண தண்டனைக்குரியவர்களை மன்றம் தன் கையால் கொல்லாது. அரச அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடும். அவர்கள் எரிப்பார்கள். கடைசி நேரத்தில் மனந்திரும்பியவருக்குக் காட்டப்படும் இரக்கம், எரிப்பதற்கு முன்பே கழுத்தை நெரித்துவிடுவது.

கார்சியா இந்த மன்றத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தூரத்துக்குத் தப்பி வந்தவர். 1534 செப்டெம்பரில் கோவாவை அடைந்தார். சில ஆண்டுகள் தளபதியுடன் மேற்குக் கரையோரமெங்கும் அலைந்துவிட்டு, 1538 அளவில் கோவாவிலேயே குடியிருந்தார். 1510 வரை பீஜப்பூர் ஆதில் ஷாவின் ஆட்சியில் இருந்த நகரம் அது. அல்புகேர்க் அதைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்கள் வாளுக்கு இரையானார்கள். கார்சியா வந்த காலத்தில் அது போர்த்துக்கேயக் கிழக்கின் தலைநகரம். பலசரக்கு, குதிரை, பட்டு என்று எல்லாம் வந்திறங்கும் சந்தை.

அங்கே அவர் புகழ்பெற்ற வைத்தியரானார். ஆளுநர்களுக்கும் வைத்தியம் பார்த்தார், ஏழைகளின் வைத்தியசாலையிலும் பணிபுரிந்தார். அஹ்மத்நகர் சுல்தான் புர்ஹான் நிசாம் ஷா அவருடைய நண்பர். சுல்தானின் அரண்மனைக்குப் போய்த் தங்கி, அங்கிருந்த முஸ்லிம் ஹக்கீம்களோடு மருந்துகளின் பெயர்களைப் பற்றி விவாதிப்பாராம். நம் இப்னு ஸீனாவின் நூலை அந்த ஹக்கீம்களும் கற்றிருந்தார்கள், சலமங்காவில் படித்த கார்சியாவும் கற்றிருந்தார். இருவருக்கும் பொதுவான ஆசான், ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு முஸ்லிம். கோவாவின் இந்து வைத்தியர்களிடமும் அவர் கேட்டறிந்தார். பம்பாய்த் தீவு அவருக்குக் குத்தகையாகக் கிடைத்தது. இன்று கோடிக்கணக்கானோர் வாழும் அந்த மும்பையில் அன்று அவருக்கு மாந்தோட்டம் இருந்தது.

ஆனால் நிம்மதி இருந்ததா? 1543 இல் அவர் பிரியாந்தா டி சோலிஸ் என்ற பெண்ணை மணந்தார். அதே ஆண்டு கோவாவில் ஜெரோனிமோ டியாஸ் என்பவர் சமயக் குற்றத்துக்காகக் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அவரும் கார்சியாவைப் போல மருத்துவர். கார்சியாவைப் போலவே யூத வழி வந்தவர். கோவாவில் அப்போது விசாரணை மன்றம் கூட இல்லை. கலியாண வீட்டின் சந்தோஷத்துக்குள்ளே அந்தப் புகை எப்படி நுழைந்திருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன்.

லிஸ்பனில் இருந்த அவருடைய தாயையும் சகோதரிகளையும் மன்றம் பிடித்து அடைத்தது. இரகசியமாக யூத வழக்கங்களைக் கைக்கொள்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. எப்படியோ விடுதலையாகி, 1549 இல் தாயும் இரு சகோதரிகளும் கோவாவுக்கு வந்து சேர்ந்தார்கள். சகோதரிகளுள் ஒருவர் பெயர் கத்தரீனா. நெடுங்காலத்தின் பின் குடும்பம் ஒரே கூரையின் கீழ் ஒன்றுசேர்ந்தது.

கார்சியா வெளியில் கிறிஸ்தவராக வாழ்ந்தார். வீட்டின் உட்கதவு சாத்தப்பட்ட பின் அவர் என்னவாக இருந்தார் என்பது, பிறகு அவருடைய உறவினரின் வாயாலேயே வெளிவந்தது. நான் இதை எழுதும்போது, ஒரு மனிதன் தான் யாரென்பதைத் தன் பிள்ளைகளின் காதில் கூடச் சத்தமாகச் சொல்ல முடியாத ஒரு வீட்டைக் கற்பனை செய்ய முயன்றேன். வேலைக்காரர் தூங்கிய பின்தான் பேச வேண்டும். விருந்தாளி பன்றி இறைச்சியைப் பரிமாறினால் முகம் மாறாமல் சாப்பிட வேண்டும். நோன்பு பிடித்தால் பிடிக்காதது போல நடிக்க வேண்டும். இப்படி ஒரு நாள் இரு நாள் அல்ல, முழு வாழ்க்கை.

இதற்கிடையே கோவாவிலும் சட்டங்கள் இறுகின. மிஷனரியான பிரான்சிஸ் சவேரியார் 1546 இல் அரசருக்கு எழுதிய கடிதத்தில் கோவாவுக்கு விசாரணை மன்றம் வேண்டும் எனக் கேட்டிருந்தார். அவர் காலமாகிச் சில ஆண்டுகளின் பின், 1560 இல் மன்றம் வந்தது. ஆதில் ஷாவின் பழைய அரண்மனையே அதன் இருப்பிடமாயிற்று. நன்னம்பிக்கை முனையிலிருந்து கிழக்கே போர்த்துக்கேயர் கைக்கொண்ட இடமெல்லாம் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டது. பின்னாளில் அவர்கள் பிடித்த நம் யாழ்ப்பாணமும் மன்னாரும் அதற்குள்தான். அதே 1560 இல்தான் கோவாவின் இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ யாழ்ப்பாண அரசின்மீது படையெடுத்து மன்னாரைக் கைப்பற்றினார். அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஒரு புனிதப் பல், உரலில் இடிக்கப்பட்டு எரிக்கப்பட்டதாகப் போர்த்துக்கேயர் எழுதியிருக்கிறார்கள். உண்மையான தந்ததாது அதுவல்ல என்பது நம் நாட்டுப் பௌத்தர்களின் நம்பிக்கை. யூதர், முஸ்லிம், இந்து, பௌத்தர் என்று எல்லாருடைய நம்பிக்கையும் அந்த ஒரு நகரத்தில் குற்றமாகிப் போனது.

எந்த மன்றத்துக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தாரோ அதே மன்றம் அவருடைய தெருவுக்கே வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது அறுபது. அந்த நேரத்தில் அவர் செய்த காரியம், புத்தகம் எழுதியது.

1563 ஏப்ரல் 10 இல் கோவாவில் அச்சாகி வெளிவந்தது அந்த நூல். இந்தியாவின் மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றிய உரையாடல்கள் என்பது அதன் பெயரின் பொருள். இந்திய மண்ணில் அச்சான ஆரம்பகால நூல்களுள் அதுவும் ஒன்று. 1913 இல் வந்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வாப்பாவின் போனில் இறக்கி, அகராதியும் கையுமாக வாசித்தேன். எல்லாம் விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்துக்கொண்டே வாசித்த இடங்கள் பல. ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்த ருவானோ என்ற மருத்துவர் கேள்வி கேட்பார். கார்சியா பதில் சொல்வார். இடையில் அன்டோனியா என்ற அடிமைப் பெண் செடியையும் பழத்தையும் கொண்டுவந்து காட்டுவாள். பம்பாயிலிருந்து மாம்பழம் வந்திறங்கும். நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்து அவசரமாகக் கூப்பிடும். இஞ்சி, மிளகு, ஏலம், கற்பூரம், அபின், தேங்காய், பலாப்பழம், வெற்றிலை என்று பேச்சு நீளும்.

நம் நாட்டுக் கறுவாதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். கறுவாவைப் பற்றிக் கிரேக்கர்கள் கட்டிவிட்ட கட்டுக்கதைகளை எல்லாம் தள்ளிவிட்டு, அது மரத்தின் பட்டை, இப்படி உரிக்கிறார்கள், இப்படி வெயிலில் காயவைக்கிறார்கள் என்று சொல்கிறார். கொலரா நோயைக் கண்ணால் கண்டு விபரித்த முதல் ஐரோப்பியர்களுள் அவரும் ஒருவர். பழைய ஏட்டில் இருக்கிறது என்பதற்காக எதையும் அவர் நம்பவில்லை. ஸ்பெயினில் இருந்திருந்தால் கலேனை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவும் துணிந்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் ஓரிடத்தில் எழுதுகிறார். அதை வாசித்தபோது நான் நிறுத்திவிட்டேன். மருந்தைப் பற்றி மட்டும்தான் அவரால் உண்மையை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. தன்னைப் பற்றிச் சொல்ல முடியவில்லை.

அவரை மலக்கு ஆக்கிவிட நான் விரும்பவில்லை. அந்த அன்டோனியா அவர் வீட்டு அடிமை. மன்றத்துக்குப் பயந்து வாழ்ந்தவரின் வீட்டிலும் சுதந்திரமில்லாத ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு சிறிய இடம்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்த நூலின் முகப்புப் பக்கத்தில், இதனைப் பார்வையிட்டவர் என்று ஒருவருடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. அலெய்ஷோ டியாஸ் ஃபல்காவோ. கோவா சமய விசாரணை மன்றத்தின் விசாரணையாளர்! அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் குற்றமொன்றும் காணவில்லை. எழுதியவரைப் பற்றி அவருக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

நூல் ஐரோப்பாவுக்குப் பறந்தது. குளூசியஸ் என்ற தாவரவியலாளர் அதைச் சுருக்கி லத்தீனில் 1567 இல் அன்ட்வேர்ப் நகரில் வெளியிட்டார். ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் படித்தே கிழக்கின் மருந்துகளை அறிந்துகொண்டார்கள். அடுத்த வருடம், 1568 இல், கார்சியா கோவாவில் காலமானார். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். தப்பிவிட்டார் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

அவர் இறந்த அதே ஆண்டில் தங்கை கத்தரீனா கைது செய்யப்பட்டார். லிஸ்பனில் ஒருமுறை அந்தச் சிறையைப் பார்த்தவர். உலகத்தின் மறுபக்கத்துக்கு வந்தும் அதே சிறை. 1569 ஒக்டோபர் 25 இல் கோவாவில் எரிக்கப்பட்டார். விசாரணையில் மைத்துனர் ஒருவரே, கார்சியா மோசேயின் மார்க்கமே உண்மையானது என்று நம்பியிருந்ததாகச் சாட்சி சொன்னார். அவர்மீது எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அந்த அரண்மனையின் நிலவறைகளில் யார் யாரைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருப்பார்கள்? குடும்பத்தில் ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் செய்ததுதான் அந்த மன்றத்தின் கொடுமைகளில் பெரியது என்று நினைக்கிறேன்.

1580 டிசெம்பரில் கார்சியாவின் வழக்கு முடிவுக்கு வந்தது. இறந்தவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. கல்லறையைத் தோண்டி எலும்புகளை எடுத்து, அவருடைய உருவப் பொம்மையோடு சேர்த்து எரித்தார்கள். ஜனாஸாவை எவ்வளவு மெதுவாகக் குளிப்பாட்ட வேண்டும், மையித்துக்கு நோவினை செய்யக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்த ஒருத்திக்கு இதை எழுதக் கை கூசுகிறது.

கோவா மன்றம் 1774 இல் நீக்கப்பட்டு, 1778 இல் திரும்ப வந்து, 1812 இல் முற்றாக ஒழிந்தது. 1774 வரை மட்டும் அங்கே பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டார்கள். காலம் போகப் போக உள்ளூர் மக்களே பெரும்பாலும் அதில் சிக்கினார்கள். முற்றத்தில் துளசி நடுவதையும் கலியாணத்தில் வெற்றிலை பாக்குக் கொடுப்பதையும் கூட 1736 இல் அது தடைசெய்தது. மன்றத்தின் ஏடுகளிற் பெரும்பகுதி பின்னர் அழிக்கப்பட்டுவிட்டது. கார்சியாவுக்கு நடந்தது நெடுங்காலம் உலகுக்கே தெரியாது. 1930களில்தான் போர்த்துக்கல் ஆவணங்களிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் அதை வெளிக்கொணர்ந்தார். இன்று கோவாவின் பாஞ்சிம் நகரில் அவர் பெயரில் ஒரு பூங்கா உண்டு. போர்த்துக்கல் அவருடைய உருவத்தை நாணயத்தில் பொறித்தது. ஒரு பெரிய வைத்தியசாலைக்கு அவருடைய பெயரை வைத்தது.

இந்தக் கட்டுரையை எழுதும்போது என்னை இரண்டு பேர் தடுத்தார்கள்.

முதலாமவர் என் மாமியின் மகன். பலஸ்தீனத்தில் இவ்வளவு நடக்கும்போது நீ ஒரு யூதனுக்காக அழுகிறாயா என்று கேட்டார். அந்தச் செய்திகளைப் பார்த்து நானும் அழுதவள்தான். ஆனால் ஒரு கூட்டத்தார்மீது உள்ள வெறுப்பு நம்மை அநீதியின் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்றுதானே மார்க்கம் நமக்குக் கற்பிக்கிறது. 1580 இல் எரிக்கப்பட்ட எலும்புகள் இன்று யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல, அது நடந்தவரின் இனத்தை முதலில் கேட்க வேண்டியிருந்தால், உம்மம்மாவுக்கு நடந்ததை அநியாயம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும் என நான் எப்படி எதிர்பார்ப்பேன்?

இரண்டாமவர் நானேதான். டியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள் ஒரு கத்தோலிக்கத் தோழி. ஆடி மாதம் மடுத் திருவிழாவுக்குப் போய்வந்தால் எனக்கும் பனங்கட்டி கொண்டுவருவாள். இதை வாசித்தால் அவள் மனம் நோகுமே என்று ஒரு வாரம் கொப்பியை மறைத்து வைத்திருந்தேன். கடைசியில் காட்டினேன். அவள் முழுவதையும் வாசித்துவிட்டு, இன்னொரு கோவாக்காரரின் கதையைச் சொன்னாள். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள், குருமாரைத் துரத்தினார்கள். அப்போது கத்தோலிக்கர்கள்தான் கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாக வணங்கினார்கள். 1687 இல் யோசப் வாஸ் என்ற குருவானவர் கோவாவிலிருந்து புறப்பட்டு, பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து அவர்களைத் தேடித் தேடிச் சந்தித்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் அப்போதைய பாப்பரசர், சத்தியத்தின் பெயரால் திருச்சபையின் மக்கள் செய்த வன்முறைகளுக்காக இறைவனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். அதையும் எழுதாவிட்டால் கட்டுரை பாதிதான் என்றாள். சரிதான் என்று பட்டது.

போர்த்துக்கேயர் 1626 இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான் என்று நம் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். துரத்தியவர்கள் ஒரு காலத்தில் ஒரு பெயரோடு வருகிறார்கள். இன்னொரு காலத்தில் இன்னொரு பெயரோடு. கதவைத் திறந்துவிடுகிறவர்களும் அப்படித்தான், எல்லா மதத்திலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். மார்க்கம் மனிதனின் உள்ளத்தில் இருக்கும் வரை அது அவனைத் திருத்துகிறது. அதை அரசாங்கத்தின் கையில் தடியாகக் கொடுத்துவிட்டால், அது அயல்வீட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. நம் கையில் அந்தத் தடி இருந்தாலும் இதுதான் நடக்கும் என்பதை நாமும் மறக்கக் கூடாது.

கட்டுரை முடிந்த இரவு உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கறுவா உரிக்கும் இடத்தில் தலையாட்டினார். கத்தரீனாவின் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வாசித்து முடித்தபின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நான் கேட்காமலே, 1990 ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். புறப்பட்ட அன்று விடியற்காலையில் அயல்வீட்டுத் தமிழ் அக்கா ஒருவர் வேலிக் கடப்பால் வந்து, ஒரு பார்சல் சோறும் பிள்ளைக்கு ஒரு போத்தல் சுடுதண்ணீரும் தந்தாராம். யாரும் கண்டால் ஆபத்து என்று தெரிந்தும் வந்தாராம். அந்தச் சுடுதண்ணீரில்தான் வழியில் கறுவாவை ஊறவைத்து உம்மாவுக்குப் பருக்கினாராம்.

இவ்வளவு காலமும் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார். பிறகு டின்னை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு, அந்த அக்காவைப் பற்றியும் எழுது என்றார்.

எழுதிவிட்டேன்.